பித்தளைத் தகட்டில் போட்டிருந்த வேகம்

என் கைடுக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவரைப் பிடிக்காது. இந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் ஒளிவுமறைவே இருந்ததில்லை. தொண்ணூறுகளின் கடைசியில், அடையாறு பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில், உலோகவியல் துறையில் நான் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தேன். அவர் கேட்டிருந்தது வேறொரு பையனை. துறைத் தலைவர் என்னை அவர் தலையில் கட்டிவிட்டார். முதல் நாள் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, கல்யாணம் எப்போது என்பது. பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு மெஷின் நேரம் ஒதுக்குவதில் தனக்கு இஷ்டமில்லை என்றும் சொன்னார். சாந்தோமுக்குத் திரும்பும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி அவரை நான் திட்டிய திட்டை எந்தப் பாதிரியாரிடமும் சொல்ல முடியாது.

ஆராய்ச்சி, ஃபிரிக்ஷன் ஸ்டிர் வெல்டிங் பற்றியது. அப்போது அது எல்லோருக்குமே புதுசு. இரண்டு அலுமினியத் தகடுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து இறுகக் கவ்வ வேண்டும். நுனியில் சின்ன முளை உள்ள ஓர் எஃகுக் கருவியைச் சுழலவிட்டு அந்த இடுக்கில் இறக்க வேண்டும். உராய்ந்து உராய்ந்து சூடேறி அலுமினியம் இளகும், ஆனால் உருகாது. இளகியதைக் களி கிண்டுகிற மாதிரி கிண்டிக்கொண்டே கருவி முன்னால் நகரும். பின்னால் இரண்டு தகடும் ஒன்றாகியிருக்கும். பொறி பறக்காது, புகை வராது. பார்க்கிறவர்களுக்கு ஒரு சுவாரசியமும் கிடையாது.

சுவாரசியமெல்லாம் உள்ளேதான். உலோகத்தை வெட்டி, கண்ணாடிபோல் தேய்த்து, ஆசிட்டில் கொஞ்சம் அரிக்கவிட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தால் உள்ளே படிகங்கள் மணி மணியாகத் தெரியும். கருவியை வேகமாகச் சுழற்றினால் சூடு கூடி மணிகள் பெருத்துவிடும். வேகமாக நகர்த்தினால் சூடு தங்க நேரமிருக்காது, மணிகள் பொடியாகவே நின்றுவிடும். சூடு ரொம்பக் குறைந்துபோனால் கிண்டியது சரியாக மூடாமல் அடியில் எலி வளை மாதிரி ஒரு பொந்து ஓடும். எந்தச் சுழல் வேகத்துக்கும் எந்த நகர் வேகத்துக்கும் உள்ளே என்ன கிடைக்கிறது என்று அட்டவணை போடுவதுதான் என் வேலை.

இதற்கென்று தனி மெஷின் வாங்குகிற வசதி அப்போது கல்லூரியில் இல்லை. ஒர்க் ஷாப்பில் இரண்டு பழைய மில்லிங் மெஷின்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒரே கம்பெனி, ஒரே பச்சைப் பெயின்ட். ஜன்னலோரம் இருந்ததை எங்களுக்கு விட்டிருந்தார்கள். எந்த லீவரை எங்கே வைத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று ஒரு பித்தளைத் தகட்டில் பொறித்து மெஷினின் முகத்தில் ஸ்க்ரூ போட்டு மாட்டியிருக்கும். அதைப் பார்த்துத்தான் வேகம் வைப்போம்.

எனக்கு முன்னால் இதே மெஷினில் வேலை செய்தவர் கைடின் செல்லப்பிள்ளை. சீனியர். தீஸிஸ் முடித்து அமெரிக்கா போய்விட்டார். அவர் எடுத்த மைக்ராஸ்கோப் படங்களைக் கைடு தன் அறையில் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தார், சாமி படம் மாட்டுகிற உயரத்தில். அந்த சீனியர் நிறுத்திய இடத்திலிருந்து நான் தொடர வேண்டும். அதற்கு முதலில் அவர் செய்த சில வெல்டுகளை அதே வேகத்தில் மறுபடி செய்து, அதே மணிகள் வருகின்றனவா என்று காட்ட வேண்டும்.

வரவில்லை. ஆயிரத்து நானூறு சுற்றில் சீனியருக்குக் கிடைத்த மணிகள் கொழுகொழுவென்று இருந்தன. எனக்குக் கிடைத்தவை ரவை மாதிரிப் பொடி. அதோடு சீனியரின் படத்தில் இல்லாத பொந்து என் தகடுகளில் அடியில் கோடு மாதிரி ஓடியது. ஃபிலிமைக் கழுவ லஸ் முனையில் ஒரு ஸ்டூடியோவில் கொடுப்பேன். அந்த ஸ்டூடியோக்காரர் படங்களைப் பார்த்துவிட்டு, யாருக்குத் தோல் வியாதி என்று அக்கறையாக விசாரித்தார். என் கைடை விட அவர் பண்பானவர்.

கைடு என்ன செய்தார் தெரியுமா? சாயங்கால டீ நேரத்தில், துறையில் இருக்கிற அத்தனை பேரும் பிஸ்கட்டும் கையுமாக நிற்கும்போது என் படங்களை மேஜையில் பரப்பினார். பரப்பிவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"அலுமினியத்துக்கு ஒண்ணும் ஆகலை. பாலிஷ் பண்றவா கை சரியில்லை. ஒண்ணு சோம்பேறித்தனம், இல்லேன்னா நம்பரைத் தானா எழுதிண்டிருக்கா."

நம்பரைத் தானாக எழுதுவதென்றால் பித்தலாட்டம். எங்கள் தொழிலில் அதைவிடக் கேவலமான வார்த்தை கிடையாது. எமரி ஷீட்டில் தேய்த்துத் தேய்த்து என் விரல் நுனிகளில் ரேகையே இல்லாமல் போயிருந்தது. அந்த விரல்களை அவர் மூக்குக்கு நேரே நீட்டலாமா என்று நினைத்தேன். நீட்டவில்லை. ஆனால் அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த மனுஷனை இதே ஆட்கள் முன்னால் தலைகுனிய வைக்காமல் விடுவதில்லை என்று.

அதுவரை செய்திருந்த பன்னிரண்டு தகடுகளையும் மறுபடி செய்தேன். மெஷினை ஓட்டுகிற ஆப்பரேட்டர் திருவான்மியூரிலிருந்து சைக்கிளில் வருவார். எனக்கும் அவருக்கும் அதுவரை பெரிய சண்டை கிடையாது, பெரிய பேச்சும் கிடையாது. எல்லோரும் அவரை அண்ணே என்பார்கள். நான் அதுகூடச் சொன்னதில்லை. "கொஞ்சம் இங்க வாங்க" என்பதோடு சரி. இப்போது அவர் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. வேகத்தைச் சரியாக வைக்கிறாரா என்று பக்கத்திலேயே நின்று பார்க்க ஆரம்பித்தேன். அவருக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது.

"இன்னாம்மா, போலீஸ் மாதிரி நின்னுக்கினு கீறீங்க? அந்த சார் இருந்தப்போ இதே ஸ்பீடுக்கு லீவர இன்னும் ஒரு பல்லு மேல வெப்பேன். மிஷின் சத்தமே வேற மாதிரி கீது இப்போ."

நான் பித்தளைத் தகட்டைச் சுட்டிக் காட்டினேன். ஆயிரத்து நானூறுக்கு லீவர் எங்கே இருக்க வேண்டும் என்று அதில் போட்டிருக்கிறது, அதைப் படித்து அதன்படி வைத்தால் போதும், சத்தத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் லீவரை வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

இரண்டாம் தடவையும் அதே ரவை, அதே பொந்து. கைடு இந்தத் தடவை கத்தவில்லை. இன்னும் மூன்று வாரத்தில் என்னை மதிப்பிடும் கமிட்டி கூடுகிறது, வெளியிலிருந்தும் ஒருவர் வருகிறார், அதற்குள் சீனியரின் முடிவுகள் வராவிட்டால் என்னை இந்த ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடச் சொல்லித் தானே எழுதிக் கொடுப்பதாகச் சொன்னார். இரண்டரை வருஷம் அந்த ஆசிட் நெடியிலேயே கிடந்திருக்கிறேன். வீட்டில் அப்பா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதா கோவில் வாசலில் பார்க்கிற பங்கு மக்கள் அத்தனை பேரிடமும் மகள் டாக்டர் பட்டம் வாங்கப்போகிறாள் என்று அப்போதே சொல்லி வைத்துவிட்டார். பித்தலாட்டக்காரி என்று வெளியே அனுப்பினால் வேறெந்தக் கல்லூரியும் என்னைச் சேர்க்காது.

சுழலும் வேகத்தை நேராக அளக்க டாக்கோமீட்டர் என்று ஒரு கருவி உண்டு. எலக்ட்ரிகல் துறையில் இருந்தது. வாங்கிவர கைடின் கையெழுத்து வேண்டும். போட மாட்டேன் என்றார். தகட்டில் இருக்கிற வேகத்தை வைத்துத்தான் இத்தனை வருஷம் எல்லோரும் வேலை செய்தார்கள், உன் கைக் கோளாறுக்கு மெஷினைக் குறை சொல்லாதே என்றார்.

கோபம் சில சமயம் நல்ல மூளையைக் கொடுக்கும். வெல்டின் மேல்பரப்பில் ஒரு தடம் விழும் அல்லவா, அதில் நெருக்கமாக வளைவு வளைவாக வரிகள் இருக்கும். கருவி ஒரு சுற்றுச் சுற்றி எவ்வளவு தூரம் முன்னால் போகிறதோ, அதுதான் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் உள்ள இடைவெளி. தினமும் அந்த வரிகளைத் தேய்த்து அழித்துவிட்டுத்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். பித்தளைத் தகடு பொய் சொல்லலாம், ஆப்பரேட்டர் பொய் சொல்லலாம், வரி எப்படிப் பொய் சொல்லும்?

மெஷின் மேஜை நகர்வது நிமிடத்துக்கு எழுபது மில்லிமீட்டர். அதை ஸ்கேலும் ஸ்டாப் வாட்சும் வைத்து நானே சரிபார்த்தேன், சரியாக இருந்தது. கருவி ஆயிரத்து நானூறு சுற்றுச் சுற்றினால் மூன்று மில்லிமீட்டருக்குள் அறுபது வரிகள் இருக்க வேண்டும். மதிய வெயில் ஜன்னல் வழியே விழுகிற நேரமாகப் பார்த்து மைக்ராஸ்கோப்பில் எண்ணினேன். நாற்பது. வேறொரு தகட்டை வைத்தேன். நாற்பது. மூன்றாவதில் நாற்பத்தொன்று, அதுவும் என் கண் சோர்ந்ததால் இருக்கலாம். மெஷின் சுற்றியது ஆயிரத்து நானூறு இல்லை, தொள்ளாயிரத்துச் சொச்சம்தான். சூடு குறைவு. அதனால் பொடி மணிகள். அதனால் பொந்து. என் கை சரியாக இருந்தது. என் படங்களும் சரியாக இருந்தன. தப்பு, பித்தளைத் தகட்டில்.

சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது என்று எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் வரவில்லை. கைடின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே இரண்டு மாடி இறங்கி ஒர்க் ஷாப்புக்கு ஓடினேன். எங்கள் மெஷினின் மோட்டாரையும் பக்கத்து மெஷினின் மோட்டாரையும் குனிந்து பார்த்தேன். பக்கத்து மெஷினில் இருந்தது வேகமான மோட்டார். எங்களுடையது எப்போதோ எரிந்துபோய், மெதுவான மோட்டார் போட்டு, அதற்கேற்ற எண்களோடு புதுத் தகடு அடித்து மாட்டியிருக்கிறார்கள். அந்தத் தகடு இப்போது பக்கத்து மெஷினில் இருந்தது. பக்கத்து மெஷினின் தகடு எங்கள் மெஷினில் இருந்தது. இரண்டும் ஒரே அளவு, ஒரே பித்தளை. ஸ்க்ரூ ஓட்டைகள்கூட ஒன்றுபோலவே இருந்தன.

ஆப்பரேட்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஆயுத பூஜைக்குக் கழட்டினோமே, அப்போது மாறியிருக்கும் என்றார். கழட்டியது தான்தான் என்று அவரே சொன்னார். சீனியர் போனது அந்த ஆயுத பூஜைக்கு முன்னால். நான் வெல்டு போட ஆரம்பித்தது அதற்குப் பின்னால். எல்லாம் பொருந்தியது. திருப்பி மாட்டியது யார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. என் முகத்தை மட்டும் ஒரு தடவை பார்த்தார்.

ஒர்க் ஷாப்பில் ஆயுத பூஜையென்றால் தடபுடலாக இருக்கும். மெஷின்களையெல்லாம் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு நிறுத்துவார்கள். அந்த வருஷம் நானும் போயிருந்தேன். கிறிஸ்தவப் பெண் ஒதுங்கி நின்றாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற வீம்பு. ஆப்பரேட்டர் தகடுகளைக் கழட்டித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பித்தளை பளபளக்கவில்லை. எங்கள் வீட்டில் திருநாளுக்கு மெழுகுவர்த்தித் தண்டுகளைப் புளி போட்டுத்தான் தேய்ப்போம். இங்கே கொடுங்கள், உங்களுக்குத் தெரியாது என்று இரண்டு தகடுகளையும் வாங்கிக்கொண்டு போய், கேன்டீனில் புளி கேட்டு வாங்கி, பொன் மாதிரி தேய்த்துக் கொண்டுவந்தேன். அவர் மாட்டுகிறேன் என்று கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரை வாங்கி நானே மாட்டினேன். நாலு ஸ்க்ரூ இதில், நாலு ஸ்க்ரூ அதில். எல்லோரும் பளபளப்பைப் பாராட்டினார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்போது ஞாபகம் வந்தது? கமிட்டியில் வந்தது என்று பல வருஷம் எனக்கே சொல்லி வைத்திருந்தேன். இல்லை. ஆப்பரேட்டர் என் முகத்தைப் பார்த்தபோதே வந்துவிட்டது. வந்ததை உள்ளே தள்ளிவிட்டு, வரிகளை எண்ணியதை எப்படி அழகாக எடுத்துச் சொல்வது என்று யோசிக்கப் போய்விட்டேன்.

கமிட்டியில் நன்றாகப் பேசினேன். வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் வரிகளை எண்ணிய கணக்கைக் கேட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். உடனே டாக்கோமீட்டரைக் கொண்டுவரச் சொல்லி, எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஒர்க் ஷாப்புக்கு இறங்கினார். கைடும் பின்னால் வந்தார். தகட்டின்படி ஆயிரத்து நானூறு வைத்ததும் டாக்கோமீட்டர் தொள்ளாயிரத்து முப்பது காட்டியது. என் அட்டவணை முழுக்க வேகத்தை மட்டும் திருத்தி எழுதினால் போதும், சீனியரின் முடிவுகளோடு அப்படியே போய்ச் சேரும் என்று அந்தப் பேராசிரியர் அங்கேயே சொன்னார். நான் கைடைப் பார்த்தேன். அவர் காதுகள் சிவந்திருந்தன. இரண்டரை வருஷமாக நான் காத்திருந்தது அந்தக் காதுகளுக்காகத்தான்.

அதோடு முடிந்திருக்கலாம். துறைத் தலைவர் விடவில்லை. இத்தனை மாதம் வீணானதற்கு யார் பொறுப்பு, தகட்டை மாற்றி மாட்டியது யார் என்று கேட்டார். மெஷினுக்குப் பொறுப்பு ஆப்பரேட்டர்தான் என்றார் கைடு. ஆப்பரேட்டர் மெஷின் பக்கத்திலேயே நின்றிருந்தார், கையில் பனியன் வேஸ்ட் துணியோடு.

"கயட்டினது நானு சார். மாட்டினது யாருன்னு இந்தம்மாவுக்குத் தெரியும். அவங்களயே கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் மாட்டினேன் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். ஆனால் அடுத்த நிமிஷமே கைடு எப்படிச் சிரிப்பார் என்று எனக்குத் தெரியும். தன் மெஷினைத் தானே கெடுத்துவிட்டுத் தானே கண்டுபிடித்த மகராசி என்று டீ நேரத்தில் பல வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவர் காது சிவந்து இன்னும் ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"எனக்கு ஞாபகம் இல்ல சார்" என்றேன்.

ஆப்பரேட்டர் துணியை மெஷின் மேல் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். அந்த வாரமே அவருக்கு மெமோ கொடுத்தார்கள். அடுத்த மாதம் ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். மெஷின் சத்தத்திலேயே வேகம் சொல்லக்கூடிய ஆள், மர கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து கையுறையும் சோப்பும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எமரி ஷீட் வாங்க நான் அங்கே போய்த்தான் ஆக வேண்டும். எடுத்து வைப்பார், நோட்டைத் திருப்பிக் காட்டுவார், கையெழுத்துப் போடுவேன். ஒரு தடவை, எப்படி இருக்கீங்க அண்ணே என்று கேட்டேன். முதல் தடவையாக அண்ணே என்றேன். அவர் எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, உனக்கு இன்னா வேணும் என்று கேட்டார். அவர் செய்தது சரி. நானாக இருந்தால் நோட்டைத் தூக்கி மூஞ்சியில் எறிந்திருப்பேன்.

மாதா மாதம் பாதிரியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிற வழக்கம் எங்கள் வீட்டில் உண்டு. கோபம், பொறாமை, பெரியவர்களை மரியாதையில்லாமல் நினைத்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. சொன்னால், போய் உண்மையைச் சொல்லிவிட்டு வா என்று பாதிரியார் சொல்லிவிடுவார் என்கிற பயம்.

வரிகளை எண்ணி வேகம் கண்டுபிடித்ததைக் கட்டுரையாக எழுதி, கைடின் கையெழுத்துக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆழ்வார்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போனேன். வழக்கமாக வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்புகிறவர், அன்று உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். காபி வந்தது. கட்டுரையை நிதானமாகப் புரட்டினார். ஒரு கமாவைக்கூடத் திருத்தவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னார்:

"பூஜை அன்னிக்கு நான் பொரி வாங்கிக்க வந்தேன். நீ ஸ்க்ரூ டிரைவரை வெச்சுண்டு மெஷின் முன்னாடி நின்னுண்டிருந்தே."

காபி டம்ளரைக் கீழே வைக்க இடம் தேடினேன். கமிட்டியில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ சொல்றியான்னு பார்த்துண்டிருந்தேன். சொல்லலை" என்றார். "அதனால ஒண்ணும் இல்லை. இனிமே நாம ரெண்டு பேரும் ஒத்துப் போயிடலாம்."

கையெழுத்துப் போட்டார். கட்டுரையை எழுதியவர்கள் வரிசையில் என் பெயருக்கு முன்னால் தன் பெயரை எழுதியிருந்தார். நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு தீஸிஸ் முடிகிறவரை எங்களுக்குள் ஒரு சண்டைகூட வரவில்லை.